தீக்கு முன் ஒரே வரிசை, பதிவேட்டில் பல வரிசை: காட்டுத்தீயில் இறந்தோருக்கான மரியாதை குறித்து

சித்திரை முதல் நாள் தஞ்சைப் பகுதியின் பல ஊர்களில் நல்லேர் பூட்டுவார்கள். மாட்டைக் குளிப்பாட்டி, கலப்பைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, ஊர் கூடி நிற்க, கிழக்குப் பார்த்து முதல் சால் ஓட்டுவது வழக்கம். மாடு அற்றுப்போன ஊர்களில் டிராக்டருக்கு மாலை விழுகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் அந்த நாள் ஏப்ரல் 14. அதே காலை, அதே வட்டாரத்துத் தீயணைப்பு நிலையங்களின் முற்றத்தில் வேறொரு சடங்கு நடக்கிறது. சீருடையில் வீரர்கள் அணிவகுத்து நிற்க, நிலைய அலுவலர் மலர்வளையம் வைக்கிறார். சற்று நேரம் மௌனம். துறை வழக்கில் இது நீத்தார் நினைவு நாள். மறுநாளிலிருந்து தீத்தொண்டு வாரத்தின் மற்ற வேலைகள்: பள்ளிகளிலும் பேருந்து நிலையத்திலும் துண்டறிக்கை, எரிவாயு உருளையை அணைத்துக் காட்டும் செயல்விளக்கம்.

அந்த மௌனம் யாரையெல்லாம் உள்ளடக்குகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. குறிப்பாக, காட்டுத்தீயை அணைக்கப் போய் இறந்தவர்களுக்கு அதில் இடம் உண்டா? காடு எரியும்போது முதலில் போய் நிற்பவர் பெரும்பாலும் தீயணைப்புத் துறையின் ஊழியர் அல்லர். வனக்காவலர், வேட்டைத் தடுப்புக் காவலர், கோடைக்கு மட்டும் அமர்த்தப்படும் தீத்தடுப்புக் காவலர், தினக்கூலி, அடிவாரத்துப் பழங்குடியினர் ஆகியோரே அங்கே முன்வரிசை. இறப்புக்குப் பின் இவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை, செய்த வேலையின் தன்மையைக் காட்டிலும் எந்தப் பதிவேட்டில் பெயர் இருந்தது என்பதைப் பொறுத்தே அமைகிறது. தமிழ் மரபில் இறந்த வீரனுக்குச் செய்யப்பட்ட மரியாதை இதற்கு மாறான முறையில் இயங்கியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

1. ஒரு நாளின் வரலாறு

ஏப்ரல் 14 எப்படி வந்தது? 1944-இல் அதே தேதியில் பம்பாயின் விக்டோரியா துறையில் நின்றிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருளும் பருத்திப் பொதிகளும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. பிற்பகலில் புகை கிளம்பியதும் பம்பாய் தீயணைப்புப் படையினர் துறைமேடையில் நின்று கப்பலுக்குள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின் முதல் வெடிப்பு. அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது. அன்று இறந்த நூற்றுக்கணக்கானோரில் 66 பேர் தீயணைப்புப் படையினர். இந்தியத் தீயணைப்புத் துறைகள் அனைத்துக்கும் பொதுவான நினைவு நாள் அந்தத் துறைமேடையில் பிறந்ததுதான்.

வனத்துறைக்குத் தனி நாள் உண்டு: செப்டம்பர் 11, தேசிய வன உயிர்த்தியாகிகள் நாள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2013-இல் இதை அறிவித்தது. 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில், அரண்மனைக்கு மரம் வெட்ட வந்த ஆட்களைத் தடுத்து அம்ரிதா தேவி உட்பட 363 பிஷ்னோயிகள் உயிர் துறந்ததாகச் சொல்லப்படும் நிகழ்வே அதன் அடிப்படை. இந்த நாளில் நினைக்கப்படுவோரில் யானை தாக்கி இறந்தவர், மரக்கடத்தல்காரரால் கொல்லப்பட்டவர், தீயில் இறந்தவர் என எல்லோரும் அடக்கம்.

ஆக, ஒரு நாளின் மூலத்தில் வெடிமருந்துக் கப்பல். இன்னொன்றின் மூலத்தில் மரம் காத்த கிராமத்தார். காட்டுத்தீயில் இறந்தவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். ஏப்ரல் 14 தீயைப் பேசுகிறது, அவருடைய துறையைப் பேசவில்லை. செப்டம்பர் 11 அவருடைய துறையைப் பேசுகிறது, தீயைத் தனித்துப் பேசவில்லை.

2. டெல்டா அறிந்த தீ

நெல் விளையும் காவிரிச் சமவெளியில் காட்டுத்தீ என்ற அனுபவம் அரிது. கோடியக்கரையின் வறண்ட பசுமைமாறாக் காடு, முத்துப்பேட்டையின் அலையாத்தி என இரண்டு விளிம்புகளை விட்டால் மீதி வயலும் தோப்பும் ஊரும்தான். இங்கே தீ வருவது வைக்கோலிலும் கீற்றிலும்.

தை, மாசியில் அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டுகளை மலை போல ஏற்றிக்கொண்டு லாரிகள் புறப்படும். தெருவின் குறுக்கே தாழத் தொங்கும் மின்கம்பியில் மேல்கட்டு உரசினால் போதும். ஓட்டுநர் சாமர்த்தியமாக வண்டியை ஊருக்கு வெளியே திடலுக்கோ குளக்கரைக்கோ கொண்டுபோய் நிறுத்துவார். தீயணைப்பு வண்டி அங்கே வரும். வைக்கோல் தீயை அணைப்பது பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். மேலே தண்ணீர் அடித்தால் புகை அடங்கிவிடும். உள்ளே கனல் இருந்துகொண்டே இருக்கும். கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு, கம்பால் கிளறி, கனன்ற இடத்தைத் தேடித் தேடி நனைக்க வேண்டும். பல நேரம் பொக்லைன் வந்து போரைக் கலைக்கும். பக்கத்து வீட்டாரும் குடத்தோடு நிற்பார்கள். சீருடைக்காரர் யார், ஊர்க்காரர் யார் என்ற பேதம் அந்தப் புகையில் அவ்வளவாகத் தெரியாது.

டெல்டாவின் பெருந்துயரங்கள் மூன்றிலும் எரிந்தது கீற்றுதான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைபட்ட தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தினர் 44 பேர் கொளுத்திக் கொல்லப்பட்டனர். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்குக்காக அமைத்த யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 48 பேர் இறந்தனர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தனர். முதலாவது படுகொலை, மற்ற இரண்டும் விபத்தும் அலட்சியமும் கலந்தவை. மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் நினைவுகூரும் முறையில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. வெண்மணியின் நினைவிடத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று மக்கள் திரள்கிறார்கள். கும்பகோணத்தில் ஜூலை 16 காலை பெற்றோர் பிள்ளைகளின் படங்களுக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். பிடித்த பலகாரத்தைப் படைப்பவர்களும் உண்டு.

தீயில் இறந்தவரைப் பெயர் சொல்லி நினைக்க டெல்டாவுக்குத் தெரியும். தீயோடு போராடி இறந்தவரை நினைப்பது மட்டும் துறையின் மதிலுக்குள் நடக்கும் காரியமாக நின்றுவிட்டது.

3. தலைமாட்டில் எரியும் காடு

காட்டுத்தீ தொலைதூரச் செய்தி, டெல்டாவுக்கு அதில் என்ன என்று கேட்கலாம். பதில் ஆற்றில் இருக்கிறது.

2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. சம்பா கருகியது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. கருகிய பயிரைப் பார்த்து மாரடைத்து இறந்தவர்கள், தற்கொலை செய்துகொண்டவர்கள் பற்றிய செய்திகள் அந்த மாதங்களில் டெல்டாவிலிருந்து வந்துகொண்டே இருந்தன. அதே வறட்சி மலையிலும் நின்றது. பிப்ரவரி 18 அன்று கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில், கல்கெரே சரகத்தில் பரவிய தீயை அணைக்கப் போன இளம் வனக்காவலர் ஒருவர் புகையிலும் நெருப்பிலும் சிக்கி இறந்தார். உடன் சென்றவர்கள் காயமடைந்தனர்.

பந்திப்பூரின் ஒரு பக்கம் கபினிக்கு வடிகிறது. இன்னொரு பக்கம் மோயாற்றுக்கு. கபினி திருமகூடலு நரசிபுராவில் காவிரியோடு சேர்கிறது. மோயாறு பவானிசாகரில் பவானியோடு கலந்து, பவானி நகரில் காவிரியை அடைகிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று டெல்டா கணக்குப் போடும் தண்ணீரில் அந்தக் காட்டின் பங்கு உண்டு. சருகும் புல்லும் எரிந்து வெறுமையான சரிவில் முதல் மழை மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். ஊறி, நின்று, மெல்லக் கசியும் நீர் குறையும். டெல்டாவின் வயலில் நிற்பவருக்கும் பந்திப்பூரின் தீக்கோட்டில் நின்றவருக்கும் இடையே இருக்கும் உறவு உணர்ச்சி சார்ந்ததல்ல, நீரியல் சார்ந்தது.

காவிரிப் படுகைக்கு வெளியேயும் உதாரணங்கள் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்ற குழுவினரைத் தீ சூழ்ந்தது. மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். இறந்தவர்கள் மலையேற்றக்காரர்கள். ஆனால் இருட்டில் சரிவேறி, காயம்பட்டவர்களைப் போர்வையிலும் டோலியிலும் கட்டித் தூக்கி இறக்கியதில் ஊர்மக்களின் பங்கு பெரியது. 2020 பிப்ரவரி 16 அன்று கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் தேசமங்கலம் அருகே கொட்டம்பத்தூரில், காகித ஆலைக்காக வளர்க்கப்பட்ட அக்கேசியாத் தோட்டத்தில் தீ பரவியபோது மூன்று வன வாட்சர்கள் இறந்தனர். தற்காலிகப் பணியாளரும் பழங்குடியினரும் அவர்களில் இருந்தனர்.

காட்டுத்தீயை அணைக்கும் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால் இந்த மரணங்களின் காரணம் விளங்கும். சாலை இல்லாத சரிவில் தண்ணீர் வண்டி ஏறாது. பச்சைத் தழையை ஒடித்துக் கட்டி, தீயின் விளிம்பை அடித்து அடித்து அணைக்கிறார்கள். தீ வரும் பாதையில் சருகைக் கூட்டி ஒதுக்கி வெறுமண் கோடு போடுகிறார்கள். தேவைப்பட்டால் தாங்களே எதிர்த்தீ வைத்து, வரும் தீக்கு இரை இல்லாமல் செய்கிறார்கள். எல்லாம் காற்று ஒரே பக்கம் வீசும் வரைதான். தீ சரிவில் மேல்நோக்கி வேகமாக ஓடும். சரிவு பத்துப் பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயியலாரின் தோராயக் கணக்கு. காற்று திரும்பினால், கீழே இருந்த தீ மேலே நிற்பவரை எட்ட நிமிடங்கள் போதும்.

4. ஒரே வண்டி, நான்கு பதிவேடுகள்

2024 ஜூன் 13. உத்தராகண்டின் அல்மோரா மாவட்டம், பின்சர் வனவிலங்குச் சரணாலயம். தீப்பிடித்த செய்தி கேட்டு வனத்துறை வண்டியில் எட்டுப் பேர் புறப்பட்டார்கள். இடத்தை அடைந்து இறங்கிய வேகத்தில் காற்று எழும்பித் தீ அவர்களைச் சூழ்ந்தது. நால்வர் அங்கேயே இறந்தனர். மற்ற நால்வர் படுகாயத்துடன் டெல்லிக்குக் கொண்டு செல்லப்பட்டும் எல்லோரும் பிழைக்கவில்லை.

இறந்த நால்வரின் பணி விவரம் இது. ஒருவர் வனத்துறையின் பீட் அலுவலர், அதாவது அரசு ஊழியர். ஒருவர் தீத்தடுப்புக் காவலர். ஒருவர் இளைஞர் நலத் துறையின் கீழ் இயங்கும் பிராந்திய ரட்சக் தளம் என்ற துணைப் படையின் வீரர். ஒருவர் தினக்கூலி. ஒரே வண்டியில் போய், ஒரே தீயில், ஒரே நேரத்தில் இறந்தவர்கள் நான்கு வெவ்வேறு பதிவேடுகளைச் சேர்ந்தவர்கள். முதலமைச்சர் அறிவித்த உடனடி நிதி நால்வருக்கும் சமம். அது பாராட்டத்தக்கது. ஆனால் வேறுபாடு உடனடி நிதியில் எழுவதில்லை. குடும்ப ஓய்வூதியம், கருணை அடிப்படையில் வேலை, பணிக்கொடை ஆகிய நீண்டகால உரிமைகள் நிரந்தர ஊழியருக்கு விதியின்படி வரும். தினக்கூலியின் குடும்பத்துக்கு அது அரசின் மனம் இரங்குவதைப் பொறுத்தது.

இதை இந்தியாவின் நோய் என்று மட்டும் ஒதுக்க முடியாது. 2013 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் யார்னெல் மலைத்தீயில், பிரெஸ்காட் நகரத் தீயணைப்புத் துறையின் ‘கிரானைட் மவுண்டன்’ குழுவைச் சேர்ந்த 19 பேர் ஒன்றாக இறந்தனர். அவர்களுக்கு அந்த மலையில் ஒரு நினைவுப் பூங்காவே 2016-இல் திறக்கப்பட்டது; நடைபாதை நெடுக 19 கற்பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒருவரின் படமும் வாழ்க்கைக் குறிப்பும். ஆனால் 19 பேரில் முழுநேர ஊழியர்கள் ஆறு பேர் மட்டுமே. மற்றவர்கள் பருவகால ஊழியர்கள் என்பதால் முழு வாரிசு உரிமை அவர்கள் குடும்பங்களுக்கு மறுக்கப்பட்டது. சில குடும்பங்கள் ஓய்வூதிய வாரியம் வரை போய் வழக்காட வேண்டியிருந்தது. கல்லில் சமமாக இருந்தவர்கள் கணக்கில் சமமாக இல்லை.

ஒப்பிட, நிரந்தரப் பணியில் இருப்பவர் இறந்தால் என்ன நடக்கிறது? 2020 நவம்பர் 14, தீபாவளி. மதுரையில் ஒரு பழைய கட்டடத்தில் இருந்த துணிக்கடையில் தீப்பிடித்தது. அணைக்கும் வேலையில் இருந்தபோது கட்டடம் இடிந்து விழுந்து தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தனர். இரு குடும்பங்களுக்கும் தலா 25 லட்சம் ரூபாயும் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவிக்கப்பட்டன. அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடந்தது. 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்துக் கலசமகால் தீயில் ஒரு வீரர் இறந்து, கோட்ட அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் படுகாயமடைந்தபோதும் நாடு முழுவதும் அது செய்தியானது. இந்த மரியாதைகளில் எதுவும் அதிகப்படி அல்ல. மரத்தழையோடு மலையேறிய தினக்கூலிக்கு இதே அளவுகோல் ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

5. நடுகல்லும் உதிரப்பட்டியும்

தமிழ் மரபில் இறந்த வீரனுக்குச் செய்யும் மரியாதைக்கு இலக்கணமே உண்டு. கல்லைத் தேர்வதில் தொடங்கி, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரையிலான படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. தமிழில் இதுவரை கிடைத்த மிகப் பழைய எழுத்துடை நடுகற்களில் சில தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்தன. கண்டெடுத்தவர்கள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. ராஜன் குழுவினர். கூடலூர் ஆகோள் பூசலில் இறந்த அந்தவன் என்பவனின் பெயரையும் ஊரையும் அவற்றில் ஒரு கல் சொல்கிறது. அந்தக் கல்லுக்குரியவன் அரசன் அல்லன்; ஊரின் மாடுகளுக்காக நடந்த சண்டையில் மாண்டவன்.

நடுகல் போருக்கு மட்டும் உரியதென்ற பொதுக் கருத்து சரியல்ல. புலியோடு போராடி இறந்தவர்களுக்குக் கொங்குப் பகுதியில் புலிகுத்திக் கற்கள் ஏராளம். கால்நடையைக் காப்பதும் ஊரைக் காப்பதும் கல்லுக்குரிய செயல்களாகவே கருதப்பட்டன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. தொறு (கால்நடை மந்தை) காக்க நின்று கள்வரைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன். பெயர் கல்வெட்டிலேயே இருக்கிறது. பதினான்கு நூற்றாண்டு கடந்தும் ஒரு காவல் நாயின் பெயர் தெரிகிறது என்பதைத் தற்காலத் தினக்கூலிப் பட்டியலோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

கல்லோடு அந்த மரியாதை முடியவில்லை. இறந்தவன் குடும்பத்துக்கு நிலம் விடப்பட்டது. உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி, இரத்தக்காணிக்கை எனப் பகுதிக்கும் காலத்துக்கும் ஏற்பப் பெயர் மாறினாலும் ஏற்பாடு ஒன்றுதான்: உயிர் கொடுத்தவனின் வாரிசுகள் பிழைக்க ஊரோ அரசனோ விளைநிலம் தருவது. பெயர், இடம், பிழைப்பு ஆகிய மூன்றும் ஒரே கட்டில் இருந்தன.

இந்த மரபை மிகைப்படுத்தவும் கூடாது. சாதிப் படிநிலை இறுகிய சமூகத்தில் எல்லா உயிர்களுக்கும் கல் நடப்பட்டிருக்கும் என்று எண்ண இடமில்லை. எஞ்சியவை கல் நடத் தகுந்தவராக யாரோ கருதியவர்களுடையவை. டெல்டாவிலோ நிலைமை இன்னும் வேறு. வண்டல் நிலத்தில் பாறை கிடையாது. பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. பட்டீச்சரம் அருகே சோழ அரசி பஞ்சவன் மாதேவிக்கு எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் போலக் கல்லில் நின்ற நினைவு பெரும்பாலும் அரச குடும்பத்தாருடையது. ஆகவே பழையதை மீட்போம் என்பதல்ல இங்கே வாதம். மூன்று கூறுகளையும் பிரிக்காமல் வைத்திருந்த ஓர் ஏற்பாடு நம்மிடம் இருந்தது என்பதும், இன்றைய மரியாதை அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஊழியரின் தரத்துக்கேற்ப வழங்குகிறது என்பதுமே கவனிக்க வேண்டியவை.

6. இரண்டு மறுப்புகள்

இந்த நிலைப்பாட்டுக்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு.

முதலாவது நிர்வாகத் தரப்பு. சீருடைப் பணியில் சேர்பவர் பயிற்சி பெற்று, உறுதிமொழி எடுத்து, ஆபத்தைப் பணியின் பகுதியாக ஏற்கிறார். மறுக்க முடியாத கட்டளைக்குக் கட்டுப்படுகிறார். தற்காலிகமாக வந்தவரையும் அவரையும் ஒரே வகையில் வைத்தால் பணிக் கட்டமைப்பே பொருளிழக்கும் என்பது இத்தரப்பு. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாதத்தின் அடித்தளம் காட்டில் நிற்பதில்லை. பயிற்சியும் கவசமும் குறைவாக உள்ளவர் அதிக ஆபத்தை ஏற்கிறார். குறைந்த பாதுகாப்போடு அதே தீக்கு முன் நிறுத்தப்பட்டவருக்குக் குறைந்த மரியாதை என்பது தலைகீழ்க் கணக்கு. கட்டளைக்கு மறுப்புச் சொல்லும் வசதியும் அவருக்கு இல்லை. மறுத்தால் நாளைக்கு வேலை இருக்காது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. தியாகி என்று போற்றுவதே ஒரு மூடுதிரை என்பார்கள் தொழிலாளர் இயக்கத்தார். சாக்கடைக்குள் இறந்தவரைத் தியாகி என்றால் இறக்கியவர் தப்பித்துக்கொள்கிறார். தீயில் இறந்தவர் விஷயத்திலும் அப்படியே. மலர்வளையத்தின் மறைவில், ஏன் தீத்தடுப்புக் கோடு நேரத்தில் வெட்டப்படவில்லை, ஏன் வாக்கி-டாக்கி இல்லை, ஏன் அந்த நேரத்தில் அந்தச் சரிவில் ஆளை இறக்கினார்கள் என்ற கேள்விகள் காணாமல் போகும். பணியிட மரணத்தைப் பணியிட மரணமாகவே நடத்துங்கள், இழப்பீட்டுச் சட்டப்படி கொடுங்கள், பொறுப்பாளியைக் காட்டுங்கள் என்பது இவர்கள் கோரிக்கை.

இந்த இரண்டாவது மறுப்பே கனமானது. அதை மறுப்பதைவிட மரியாதையின் வரையறைக்குள் கொண்டுவருவதே சரி.

7. விசாரணை என்னும் மரியாதை

1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் புல்தீயில் சிக்கி 13 பேர் இறந்தனர். அவர்களில் 12 பேர் விமானத்திலிருந்து குதித்திறங்கும் தீயணைப்பு வீரர்கள். விழுந்த இடங்களில் 13 சிலுவைகள் நடப்பட்டன. இறந்தவர்களில் ஒருவர் யூதர். அவருடைய சிலுவை அகற்றப்பட்டு 2001-இல் தாவீதின் நட்சத்திரம் பொறித்த கல் வைக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்தும் ஒருவரை அவராகவே நினைக்க வேண்டும் என்று மெனக்கெட்டிருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமானது அந்த மரணங்களிலிருந்து கற்றது. மான் கல்ச்சையும் 1956-இல் கலிஃபோர்னியாவின் இனாஹா தீயில் 11 பேர் இறந்ததையும் ஆராய்ந்த பின், 1957-இல் தீக்களத்துக்கான பத்து நிலையாணைகள் வகுக்கப்பட்டன: காற்றையும் வானிலையையும் அறிந்துகொள், தப்பும் வழியை முன்கூட்டியே குறித்துவை, காவல் ஆளை நிறுத்து என்பன போன்றவை. 1960-இல் மிசூலாவில் காட்டுத்தீ ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. இவ்வளவும் இருந்தும் யார்னெல் நடந்தது. ஆணைகள் மட்டுமே உயிரைக் காக்கா. ஆனாலும் அடுத்து மலையேறுபவர் முன்பு இறந்தவரின் அனுபவத்தைக் கையோடு கொண்டுபோகிறார்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. கும்பகோணத்துக்குப் பின் நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் மாநிலம் முழுவதும் இறக்கப்பட்டன. குரங்கணிக்குப் பின் அரசு அமர்த்திய விசாரணை அதிகாரி அதுல்ய மிஸ்ரா அறிக்கை தந்தார். 2018-இலேயே மலையேற்றத்துக்கான விதிகள் வந்தன. பின்சரில் உயர் அதிகாரிகள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். ஆனால் இவை பெரும் எண்ணிக்கையில் உயிர்ப்பலி நேர்ந்தபோது அல்லது பொதுமக்கள் இறந்தபோது நடந்தவை. ஒற்றை வாட்சர் ஒற்றைச் சரிவில் இறந்தால் நடப்பது துறைக்குள் ஓர் அறிக்கை. அது வெளியே வருவதில்லை. பக்கத்துச் சரகத்துக்குக்கூடப் பாடமாவதில்லை.

8. தொகுத்துப் பார்த்தால்

பெயர், இடம், பிழைப்பு ஆகியவற்றோடு நான்காவதாகக் காரணத்தையும் சேர்த்தால் காட்டுத்தீயில் இறந்தவருக்கான மரியாதையை அளக்க ஓர் அளவுகோல் கிடைக்கிறது. அதன்படி பார்த்தால், மதுரையில் இறந்த தீயணைப்பு வீரர்களுக்கு முதல் மூன்றும் பெருமளவு கிடைத்தன. பின்சரின் தினக்கூலிக்குப் பெயரும் ஓரளவு உடனடி உதவியும் கிடைத்தன. கொட்டம்பத்தூரின் வாட்சர்கள் ஒரு வாரச் செய்தியோடு பொது நினைவிலிருந்து விலகினர். பிழைப்பின் குறையை நிதி ஒதுக்கீட்டால் சரிசெய்யலாம். காரணத்தைச் சொல்ல நிதி வேண்டாம், துணிவு போதும்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஏப்ரல் 14 அணிவகுப்பில் எந்தத் துறையைச் சேர்ந்தவரானாலும் மாநிலத்தில் தீயை அணைக்கப் போய் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்க அரசாணை ஒன்று போதும். டெல்டா மாவட்டங்களின் நிலையங்களில் பந்திப்பூர்க் காவலரின் பெயரும் வாசிக்கப்பட்டால் அது பொருத்தமாகவே இருக்கும். அவர் நின்ற காட்டின் நீர் இங்கே வயலில் நிற்கிறது. ஒவ்வொரு மரணத்தின் விசாரணை அறிக்கையும் தமிழில் அச்சாகி எல்லா வனச்சரகங்களுக்கும் போகலாம்.

இவற்றுக்கெல்லாம் முதல் தேவை ஒரு பட்டியல். கோடைக்காக அமர்த்தப்படும் தீத்தடுப்புக் காவலரின் பெயர், ஊர், வாரிசு விவரம் ஆகியவை வேலைக்குப் போகும் முதல் நாளே சரக அலுவலகப் பதிவேட்டில் ஏறி, அதன் அடிப்படையில் விபத்துக் காப்பீடு தொடங்கிவிட்டால், இறந்த பிறகு அவர் யாருடைய ஆள் என்ற கேள்விக்கு இடமிருக்காது. தமிழ்நாட்டுக் காடுகளில் தீப்பருவம் பிப்ரவரியில் தொடங்குகிறது. ஆள் எடுப்பது அதற்குச் சில வாரங்கள் முன்பு.